கேரம் பலகையைக் கூட்டத்துக்குக் காட்டுங்கள்

பொங்கல் முடிந்த கையோடு டெல்டாவில் சுவரொட்டிகள் முளைக்கும். ‘மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, முதல் பரிசு, இரண்டாம் பரிசு, எடைப் பிரிவு, நுழைவுக் கட்டணம் எல்லாம் கீழே வரிசையாக இருக்கும். மன்னார்குடிப் பக்கமோ ஒரத்தநாட்டுப் பக்கமோ போனால், அறுவடையான வயலை ஒட்டிய திடலில் விடிய விடிய ஆட்டம் ஓடும், கூட்டம் கலையாது. கேரம் போட்டியையும் இதே போன்ற இளைஞர் மன்றங்கள்தான் நடத்துகின்றன. அதற்கும் கோப்பை உண்டு, ரொக்கம் உண்டு. கூட்டம் மட்டும் கிடையாது. இறுதி ஆட்டத்தில் பலகையைச் சுற்றி இருபது பேர் குனிந்து நிற்பார்கள். இரண்டாவது வரிசைக்காரருக்குத் தெரிவதெல்லாம் முன்னால் நிற்பவரின் முதுகுதான்.

இத்தனைக்கும் உலகப் பட்டங்களைத் தமிழ்நாட்டுக்கு வாரிக் கொண்டுவந்த ஆட்டம் கேரம். சென்னையின் மரிய இருதயம் 1991, 1995 என இரண்டு முறை உலக சாம்பியன்; 1996இல் அர்ஜுனா விருது பெற்றவர். வியாசர்பாடி இளவழகி 2008இல் பிரான்சின் கான் நகரில் மகளிர் பட்டம் வென்றார். புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் தனிநபர், இரட்டையர், குழு என மூன்று தங்கம் வாங்கி வந்தார். நம்மில் எத்தனை பேர் அந்த இறுதி ஆட்டங்களைப் பார்த்தோம்? விமான நிலையத்தில் மாலை போட்ட படத்தைப் பார்த்தோம். முதலமைச்சர் ஒரு கோடி ரூபாய் காசோலை கொடுத்த படத்தைப் பார்த்தோம். ஒரு காய் விழுந்ததைப் பார்க்கவில்லை.

கேட்டால் ஒரு பதில் தயாராக இருக்கிறது: “உட்கார்ந்து ஆடுற ஆட்டம் சார், மெதுவாப் போகும், யார் பார்ப்பா?” இது சரியான பதில் இல்லை. போட்டி விதிப்படி கேரம் ஆட்டக்காரர் 15 வினாடிக்குள் ஸ்ட்ரைக்கரை அடித்துவிட வேண்டும். ஒரு கேம் 25 புள்ளி அல்லது எட்டு போர்டு, எது முன்னால் வருகிறதோ அதோடு முடிந்தது. உலகத் தொழில்முறை பூல் போட்டிகளில் ஒரு அடிக்கு 30 வினாடி தருகிறார்கள். வேண்டுமானால் ஒரு ரேக்குக்கு, அதாவது ஒரு சுற்றுக்கு, ஒரு முறை கூடுதல் நேரம் கேட்டுக்கொள்ளலாம். ஆக, கேரம் பூலைவிட இரண்டு மடங்கு வேகம். ஆனால் ஐரோப்பாவும் அமெரிக்காவும் 1994 முதல் மோதிவரும் மோஸ்கோனி கோப்பை பூல் போட்டிக்கு, டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து பாட்டுப் பாடிக் கூச்சல் போடும் கூட்டம் இருக்கிறது. வேகமான ஆட்டத்துக்குக் கூட்டமில்லை, மெதுவான ஆட்டத்துக்குக் கூட்டம் அலைமோதுகிறது என்றால், சிக்கல் கடிகாரத்தில் இல்லை என்றுதானே அர்த்தம்?

மேசை ஆட்டங்களின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். 1907இல் இங்கிலாந்தில் டாம் ரீஸ் என்பவர் பில்லியர்ட்ஸில் ஒரே மூச்சில் 4,99,135 புள்ளி எடுத்தார். அச்சுப் பிழை இல்லை, கிட்டத்தட்ட ஐந்து லட்சம்தான். இரண்டு பந்துகளைப் பாக்கெட் வாயருகே தொட்டில் போல ஒதுக்கி நிறுத்திக்கொண்டு, மூன்றாவதால் லேசாகத் தட்டித் தட்டிச் சேர்த்த புள்ளிகள். ஜூனில் தொடங்கி ஜூலை முதல் வாரம் வரை, ஆட்ட நேரம் மட்டும் 85 மணிக்கு மேல். எதிராளி நாற்காலியில். அந்தச் சாதனையை அதிகாரபூர்வமாக ஏற்கவில்லை. காரணம், ஆட்டம் முழுவதையும் பத்திரிகையாளர்களும் பொதுமக்களும் இருந்து பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பார்கள்? பிறகு அந்த அடியையே தடை செய்தார்கள். 1932இல் ஆஸ்திரேலியாவின் வால்டர் லிண்ட்ரம், ஜோ டேவிஸை உட்காரவைத்துவிட்டு ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆடி 4,137 எடுத்தார். அதற்குப் பிறகும் விதியில் கை வைக்க வேண்டியிருந்தது. அன்று உட்கார்ந்திருந்த அதே ஜோ டேவிஸ்தான் ஸ்நூக்கரை வளர்த்தெடுத்து அதில் கொடி நாட்டியவர். பில்லியர்ட்ஸைக் கொன்றது மெத்தனம் இல்லை. லிண்ட்ரம் மின்னல் போல ஆடியவர். அடுத்து என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. 2005 உலக ஸ்நூக்கர் காலிறுதியில் ரானி ஓ’சல்லிவன் 8-2 என்று முன்னிலையில் இருந்தார். பீட்டர் எப்டன் ஆட்டத்தை இழுத்தார். 12 புள்ளி எடுக்க ஐந்து நிமிடத்துக்கு மேல். இதே ஓ’சல்லிவன் 1997இல் 147 என்ற முழு பிரேக்கையே அதே ஐந்து நிமிடச் சொச்சத்தில் முடித்தவர். எரிச்சலில் ஓ’சல்லிவனின் ஆட்டம் கலைந்தது. எப்டன் 13-11 என்று ஜெயித்தார். அது சூழ்ச்சியா, சிந்தனையா என்று இன்றைக்கும் சண்டை ஓயவில்லை. என் கட்சி ஓ’சல்லிவன் கட்சி இல்லை. தோற்றுக்கொண்டிருப்பவன் நிதானிப்பது அவன் உரிமை. ஆனால் ஸ்நூக்கர் விதிப்புத்தகம் அளவுக்கு மீறி நேரம் எடுப்பதை, கண்ணியக் குறைவாக நடப்பதோடு சேர்த்து ‘நடத்தை’ என்ற ஒரே தலைப்பின் கீழ்தான் வைத்திருக்கிறது. நேரம் ஆட்டக்காரனுடையது மட்டுமில்லை, எதிரே உட்கார்ந்திருப்பவனுடையதும்தான் என்ற நினைப்பு அதில் இருக்கிறது. எப்டன் அந்த எல்லையைத் தொட்டார் என்றே சொல்வேன்.

மெதுவாகப் போனால் நம்மூர்க்காரன் எழுந்து போய்விடுவான் என்பதையும் நான் நம்பவில்லை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தோடியை எடுத்தால் மணிக்கணக்கில் அசையாமல் நின்று கேட்ட மண் இது. ராகம் எங்கே போகிறது, எந்த இடத்தில் சறுக்கினால் போச்சு என்பது கேட்டவனுக்குத் தெரியும். அதனால் நின்றான். மேசை ஆட்டத்தில் நாம் பார்வையாளனுக்கு அந்தத் தகவலைத் தருவதே இல்லை.

கபடி தந்தது. சடுகுடு காலத்தில் பாடிப் போகிறவனின் மூச்சுதான் கடிகாரம். பாட்டு அறுந்தால் ஆள் அவுட். களத்துக்கு வெளியே நிற்கும் கிழவிக்கும் அது காதில் விழும். 2014இல் தொடங்கிய புரோ கபடி லீகில் 30 வினாடிக் கடிகாரத்தைத் திரையில் ஓடவிட்டார்கள். அதைவிடப் பெரிய வேலை, இரண்டு ரெய்டு சும்மா போய் வந்தால் மூன்றாவது ரெய்டில் புள்ளி எடு அல்லது வெளியே போ என்று அழுத்திப் பிடித்தது. சும்மா போய் வருவது தந்திரமாக இருந்தது போய், பின்னால் வரப்போகும் கண்டத்துக்கு முன்னோட்டமாக மாறியது. திருச்சன்னம்பூண்டியில் பிறந்த தர்மராஜ் சேரலாதன் 2016இல் பட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பை வாங்கியபோது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இருபது வயசுப் பையன்களோடு ஓட முடியாது. ஆனால் மூன்றாவது ரெய்டுக்கு வருகிறவன் எந்தப் பக்கம் பாய்ந்தாக வேண்டும் என்பது மூலையில் நிற்கும் அனுபவசாலிக்குத் தெரியும். வேகத்துக்காகக் கொண்டுவந்த விதி நிதானக்காரனுக்கும் இடம் வைத்தது. நல்ல விதிக்கு அதுதான் அடையாளம்.

ஆட்டப் பண்பு பற்றிப் பேசாமல் கூட்டத்தைப் பற்றி மட்டும் பேசுவது பாதிப் பேச்சு. பூலில் நடுவர் இல்லாத மேசைகளே அதிகம். அங்கே எதிராளிதான் நடுவர். இரண்டு பந்து ஒட்டி நிற்கிறது, கோல் இருமுறை பட்டுவிடுமோ என்ற சந்தேகம் வந்தால், அடிக்கும் முன்பே மூன்றாம் ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வது மரபு. ஸ்நூக்கரில் சட்டைக் கை பந்தில் உரசினால், யாரும் பார்க்காவிட்டாலும் ஆடுகிறவரே “ஃபவுல்” என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டும். சொல்லாமல் விட்டவன் பேர் சுற்றுவட்டாரத்தில் நாறிவிடும். நம் கேரத்தில் இந்தப் பழக்கம் போதாது. ஸ்ட்ரைக்கர் இரண்டு கோட்டையும் தொட்டதா, முழங்கை எல்லை தாண்டியதா என்று நடுவர் கத்திய பிறகுதான் பேச்சே வரும். தெருவில் அதுவும் கிடையாது; குரல் பெரியவன் ஜெயிப்பான்.

கூச்சல் விஷயத்தில் பூல்காரர்களைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற வேண்டாம். கபடிக்காரனின் தொடையை எந்தச் சத்தமும் நடுங்க வைக்காது. ஒரு நூல் விலகினால் காய் தப்பும் ஆட்டத்தில் விரல் நடுங்கிவிடும். அமெரிக்காவின் ஏர்ல் ஸ்ட்ரிக்லண்ட் ஐந்து முறை அமெரிக்க ஓப்பன் வென்ற மேதை. கூட்டத்தோடு மல்லுக்கட்டியே பாதி ஆட்டங்களைச் செய்தியாக்கியவர். பிலிப்பைன்ஸின் எஃப்ரென் ரேயஸ் அடி தவறினால் தன் தலையைச் சொறிந்துகொண்டு சிரிப்பார். 1996இல் ஹாங்காங்கில் இருவரும் ஒரு லட்சம் டாலருக்கு மோதினார்கள், 120 ரேக் முதலில் எடுப்பவருக்கு வெற்றி. மூன்று நாள் ஆட்டம், ரேயஸ் 120-117. கூட்டத்துக்கு இருவருமே தேவைப்பட்டார்கள் என்பது உண்மை. ஆனால் எந்த ஊர்ப் பிள்ளைக்கு யாரை முன்மாதிரியாகக் காட்டுவது என்று என்னைக் கேட்டால் யோசிக்க மாட்டேன். அடி விழுந்த பிறகு விசில் அடியுங்கள், பறை அடியுங்கள். ஸ்ட்ரைக்கரில் விரல் வைத்த பிறகு மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்கக் கூடாது.

ஸ்நூக்கரும் நமக்கு அந்நியம் இல்லை. 1875இல் ஜபல்பூர் ராணுவ விடுதியில் நெவில் சேம்பர்லின் தொடங்கிவைத்த ஆட்டத்துக்கு விதிகள் எழுதித் தொங்கவிடப்பட்டது நம் ஊட்டி கிளப்பில்தான். 2025 நவம்பரில் தோஹாவில் சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன், மூன்று முறை உலக சாம்பியனான ஹாங்காங்கின் இங் ஆன் யீயை 3-2 என்று வீழ்த்தி உலகப் பட்டம் வென்றார். கடைசி ஃப்ரேம் 68-60. கருப்புப் பந்தின் மதிப்பு 7, வித்தியாசம் 8. உலகக் கோப்பை கிரிக்கெட்டின் கடைசி ஓவருக்குக் குறைந்த ஆட்டமா இது? மறுநாள் காலையில் நமக்கு முடிவு மட்டும்தான் வந்து சேர்ந்தது.

இங்கிலாந்தில் ஸ்நூக்கரை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது கடிகாரம் இல்லை, வண்ணத் தொலைக்காட்சி. 1969இல் பிபிசி ‘பாட் பிளாக்’ நிகழ்ச்சியைத் தொடங்கிய பிறகுதான் சிவப்புக்கும் பழுப்புக்கும் வித்தியாசம் பார்க்கிறவனுக்குத் தெரிந்தது. கேரம் பலகையின் ஆடுகளம் ஒரு பக்கத்துக்கு 74 சென்டிமீட்டர்தான். நம் டெல்டாவில் கோயில் திருவிழாவுக்கு வாடகைக்கு வரும் எல்இடி திரை அதைப் போலப் பல மடங்கு பெரிது.

ஆகவே போட்டி நடத்தும் மன்றத்துத் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். பலகைக்கு மேலே விளக்குக் கம்பியில் ஒரு கைப்பேசியைக் கட்டி, படத்தைத் திரைக்கு அனுப்புங்கள். 15 வினாடியைப் பெரிதாக ஓடவிட்டு, கடைசி ஐந்துக்கு மணி அடியுங்கள். மின்னொளி கபடிக்கு மைக் பிடிக்கும் வர்ணனையாளரையே கூப்பிடுங்கள். 22 புள்ளியை எட்டியவருக்கு ரெட் போட்டாலும் அந்த மூன்று புள்ளி சேராது என்பதை அவர் நேரம் பார்த்துச் சொன்னால் போதும், கூட்டம் தானே நாற்காலி நுனிக்கு வரும். தன் ஃபவுலைத் தானே சொல்லும் ஆட்டக்காரரின் பேரை மைக்கில் அறிவித்துக் கைதட்டச் சொல்லுங்கள். அடுத்த பொங்கலுக்கு இறுதி ஆட்டம் ஒன்றையாவது இப்படி நடத்திப் பாருங்கள். நாற்காலிக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.