மந்திரவாதிகள் பாடிய ஹார்ட் ராக்

பூதம், கோபுரம், மாயவாள் என்று பாட்டு வரிகளில் அடுக்கிவிட்டால் மாயக்கதை இசை பிறந்துவிடாது. 1970களின் ஹார்ட் ராக் குழுக்களில் நல்லவற்றுக்கு இது தெரிந்திருந்தது. ஆனால் அவை போன வழிகள் வேறு வேறு. லெட் செப்பெலின் டோல்கீனின் உலகத்துப் பெயர்களைப் பாட்டில் தூவியது. குயீன் தன் இரண்டாம் ஆல்பத்தில் (1974) ரிச்சர்ட் டாட் வரைந்த தேவதை ஓவியம் ஒன்றையே பாட்டாக்கியது. கனடாவின் ரஷ், '2112' ஆல்பத்தின் ஒரு பக்கம் முழுவதையும், ஏறத்தாழ 20 நிமிடங்களை, ஒரே எதிர்காலக் கதைக்கு ஒதுக்கியது.

இந்த வகையில் நான் முதலிடம் தருவது யூரியா ஹீப் குழு 1972 மே மாதம் வெளியிட்ட 'டீமன்ஸ் அண்ட் விசர்ட்ஸ்' ஆல்பத்துக்கு. பெயரையும் ரோஜர் டீன் வரைந்த அட்டையையும் பார்த்தால் முழுநீளக் கதை என்றே தோன்றும். ஆனால் இது பாடல்களின் தொகுப்பு மட்டுமே என்று குழுவின் கீபோர்டு கலைஞர் கென் ஹென்ஸ்லி உறையிலேயே எழுதிவிட்டார். அந்தத் தெளிவுதான் இந்த ஆல்பத்தைக் காப்பாற்றியது. கதைக்குக் கட்டுப்படாததால், மாயம் முழுவதையும் ஒலியே சுமக்கிறது.

'தி விசர்ட்' அகூஸ்டிக் கிதாரில் சாதுவாகத் தொடங்கி, பல குரல் கோரஸாக மேலெழும்புகிறது. ஹென்ஸ்லியோடு அதை எழுதிய மார்க் கிளார்க், குழுவில் இருந்தது கொஞ்ச காலமே. பாட்டின் நடுவே உச்சஸ்தாயியில் ஒலிக்கும் குரல் அவருடையது. 'ரெயின்போ டீமன்' கனத்த தாளத்தில், அவசரமே இல்லாமல் நடக்கிறது. ஆங்கிலம் ஒரு சொல்லும் புரியாதவருக்கும் ஹேமண்ட் ஆர்கனின் கரகரப்பிலேயே ஏதோ வருகிறது என்று தெரிந்துவிடும். டேவிட் பைரனின் குரலில் நாடகத்தன்மை அதிகம் என்பார்கள். உண்மைதான், இந்த வகைப் பாட்டுக்கு அது வேண்டும். புதிதாகச் சேர்ந்திருந்த கேரி தெய்னின் பேஸ், மெட்டுக்குள் இன்னொரு மெட்டாக ஓடுகிறது. மிக் பாக்ஸின் கிதாரைவிட அதையே நான் அதிகம் தேடிக் கேட்கிறேன். அமெரிக்காவில் 39ஆம் இடம் பிடித்த 'ஈசி லிவின்' மூன்று நிமிடம்கூட இல்லை. அதில் மந்திரமும் இல்லை. இறுதியில் வரும் 'பாரடைஸ்', 'தி ஸ்பெல்' இரட்டை பன்னிரண்டு நிமிடங்களைத் தாண்டுகிறது.

அதே ஆண்டு நவம்பரில் வந்த 'தி மெஜிஷியன்ஸ் பர்த்டே' ஆல்பத்தின் தலைப்புப் பாட்டில் கதை முன்னே போக, இசை அதன் பின்னால் ஓடுகிறது. ஹென்ஸ்லி எழுதிய சிறுகதை ஒன்றிலிருந்து கிளைத்த பாட்டு அது. டிரம்ஸும் கிதாரும் மோதும் இடம் அருமை. ஆனாலும் முழுமை கூடவில்லை.

கதையும் ஒலியும் ஒன்றையொன்று தாங்கி நின்றது ரெயின்போ குழுவின் 'ஸ்டார்கேசர்' (1976) பாட்டில்தான். மந்திரவாதி பறப்பதற்காகக் கோபுரம் கட்டும் அடிமையின் குரலில் ரோனி ஜேம்ஸ் டியோ பாடுகிறார். மந்திரவாதி விழுந்து சாகிறான். மியூனிக் ஆர்கெஸ்ட்ராவும் ரிச்சி பிளாக்மோரின் கிதாரும் அதற்குப் பிறகும் ஓயவில்லை. அவற்றின் மேலே, வேலையும் போய் எஜமானும் போய் எங்கே போவதென்று தெரியாமல், டியோ இன்னும் பாடிக்கொண்டிருக்கிறார்.