இணையதளச் சான்றுகளின் நம்பகத்தன்மை: சரிபார்ப்புப் பட்டியல், பக்கவாட்டு வாசிப்பு, சுவடி ஒப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

இணையதளங்களின் நம்பகத்தன்மையை மதிப்பிடக் கற்பிக்கப்படும் இரு முறைகளை இக்கட்டுரை திறனாய்வு செய்கிறது. சரிபார்ப்புப் பட்டியலைவிடப் பக்கவாட்டு வாசிப்பு வலிமையானது; ஆயினும் தமிழ் இலக்கிய ஆய்வுக்கு அதுவும் முழுமையாகப் போதாது. சுவடிப் பதிப்பாளர்களின் ஒப்பீட்டு நெறி அதனோடு இணைய வேண்டும் என்பதே இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: நம்பகத்தன்மை, பக்கவாட்டு வாசிப்பு, மின்பதிப்பு, பாடபேதம், பொதுப்பிழை

முன்னுரை

தமிழ் ஆய்வேடுகளின் துணைநூற்பட்டியலில் இணையதள முகவரிகள் இடம்பெறுவது இன்று இயல்பாகிவிட்டது. நூலகத்தில் ஒரு நூலை எடுக்கும் ஆய்வாளருக்குப் பதிப்பாசிரியர் பெயரும் பதிப்பாண்டும் பெரும்பாலும் முதல் பக்கங்களிலேயே கிடைத்துவிடுகின்றன. இணையப் பக்கத்தில் அவை இல்லாமலும் போகலாம். இருந்தாலும் அவை உண்மையானவை என்பதற்கு உறுதியில்லை. ஆய்வு நெறிமுறைப் பயிற்சியோ பலவேளைகளில் முகவரியையும் பார்வையிட்ட நாளையும் குறிக்கும் முறையைக் கற்பிப்பதோடு நின்றுவிடுகிறது. ஒரு சான்றை எவ்வாறு குறிப்பது என்பது வேறு. அது சான்றாகத் தகுமா என்று தீர்மானிப்பது வேறு.

சரிபார்ப்புப் பட்டியலின் குறை

2004ஆம் ஆண்டு கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிகோ வளாகத்தில் நூலகர் சாரா பிளேக்ஸ்லீ ஒரு சரிபார்ப்புப் பட்டியலை உருவாக்கினார். காலப்புதுமை, பொருத்தம், ஆசிரியர் தகுதி, துல்லியம், நோக்கம் என்னும் ஐந்து அளவுகோல்களைக் கொண்ட அப்பட்டியல் பல கல்லூரி நூலகங்களில் பரவலாகப் பயன்பட்டது. கண்டதை உடனே நம்பும் மாணவரை நிறுத்தி வினவச் செய்தது அதன் பயன். மறுக்க முடியாத பயன் அது.

ஆனால் நடைமுறையில் இவ்வினாக்களுக்கான விடைகளை மாணவர் அந்தத் தளத்திலேயே தேடுகிறார். ‘எங்களைப் பற்றி’ என்னும் பகுதி தகுதியைச் சொல்கிறது. இலச்சினை மதிப்பைத் தருகிறது. முகவரியின் ஈற்றில் உள்ள ‘ஆர்க்’ பொதுநல அமைப்பு என்ற எண்ணத்தை உண்டாக்குகிறது. அந்த ஈற்றை யாரும் பதிந்துகொள்ளலாம் என்பதைப் பலர் அறியார். வழக்காடுபவரையே தமக்குச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றுவது போன்றது இது. காலப்புதுமை என்னும் அளவுகோலைத் தமிழிலக்கிய ஆய்வில் இயந்திரத்தனமாகக் கையாண்டால் நேரும் விளைவு இன்னும் விசித்திரமானது. உ.வே. சாமிநாதையர் 1894இல் வெளியிட்ட புறநானூற்றுப் பதிப்பு அதில் தோற்கும். நேற்றுப் பதிவேற்றிய பெயரற்ற பக்கம் தேறும்.

பக்கவாட்டு வாசிப்பின் வலிமை

இக்குறையைச் சோதனை வழியே வெளிப்படுத்தியவர்கள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகியோர். 2017இல் வெளியான அவர்களது ஆய்வில் முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றறிஞர் 10 பேர், தொழில்முறை உண்மை சரிபார்ப்பாளர் 10 பேர், இளநிலை மாணவர் 25 பேர் என 45 பேர் பங்கேற்றனர். பெயரளவில் ஒத்த இரு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்புகளின் தளங்கள் அவர்களிடம் தரப்பட்டன. ஒன்று 1930இல் தோன்றிய பெரிய தொழில்சார் அமைப்பு. மற்றொன்று கொள்கை வேறுபாட்டால் 2002இல் உருவான சிறு குழு. சரிபார்ப்பாளர் அனைவரும் முன்னதையே நம்பகமானதாகக் கொண்டனர். வரலாற்றறிஞர் பலர் தடுமாறினர். மாணவர்களில் பெரும்பாலோர் பின்னதைத் தேர்ந்தனர்.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் கல்வித்தகுதியன்று, வாசிக்கும் முறையே. மற்ற இரு சாராரும் பக்கத்தை மேலிருந்து கீழாக ஊன்றிப் படித்தனர். சரிபார்ப்பாளரோ விரைவிலேயே அதைவிட்டு வெளியேறி, அந்த அமைப்பைப் பற்றிப் பிறர் கூறுவதை அறியப் புதிய பக்கங்களைத் திறந்தனர். இதுவே பக்கவாட்டு வாசிப்பு எனப்படுகிறது. நூலை ஆழ்ந்து படிக்கும் பயிற்சி, அறியாத தளத்தின் முன் ஆய்வாளரைக் காப்பதில்லை என்ற இம்முடிவு, கல்விப்புலத்தார் கவனிக்க வேண்டியதாகும்.

ஐந்து பக்கமும் ஒரு சான்றும்

இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. பக்கவாட்டில் திறக்கும் பக்கங்கள் ஒன்றையொன்று சாராதவை என்ற எதிர்பார்ப்பு அதில் அடங்கியுள்ளது. தமிழ் இலக்கியப் பனுவல்களைத் தேடும்போது அது பலமுறை பொய்க்கிறது. ஒரு பாடலைத் தேடினால் ஐந்து பக்கங்கள் கிடைக்கலாம். ஐந்தும் ஒரே மின்பதிப்பின் படிகளாக இருக்கக்கூடும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்பதிப்புகளின் தொடக்கத்தில் மூலநூல், தட்டச்சு செய்தோர், மெய்ப்புப் பார்த்தோர் பற்றிய விவரங்களைத் தருகிறது. பனுவலை மட்டும் எடுத்து மறுபதிவு செய்யும் தளங்கள் பலவற்றில் அவ்விவரங்கள் விடுபடுகின்றன. பிறப்புச் சான்றை இழந்த பாடம் பல இடங்களில் உலவத் தொடங்குகிறது.

திருவள்ளுவமாலையின் இறுதியில் குறளின் செறிவைப் புகழும் இரு சிறு பாக்கள் உள்ளன. கடுகை உவமையாக்குவது இடைக்காடர் பெயராலும், அணுவை உவமையாக்குவது ஔவையார் பெயராலும் வழங்குகின்றன. இணையத்திலோ கடுகுப் பாடலும் ஔவையார் பெயரில் அடிக்கடி காணப்படுகிறது. இங்குப் பக்கங்களை எண்ணிப் பெரும்பான்மை காண்பதால் பயனில்லை. அச்சுப் பதிப்பின் பக்கத்தைக் காண்பதே வழி.

சுவடிப் பதிப்பாளர் காட்டும் வழி

இச்சிக்கல் தமிழுக்குப் புதிதன்று. ஒரே மூலத்திலிருந்து எழுதப்பட்ட பத்து ஏடுகள் பத்துச் சான்றுகளாகா என்பது பதிப்பியலின் அடிப்படை. ஜெர்மானிய அறிஞர் கார்ல் லாக்மன் பெயரோடு இணைத்துப் பேசப்படும் முறை, பல படிகளில் ஒரே பிழை காணப்படுமாயின் அவை ஒரே மூலத்தின் வழிவந்தவை எனக் கருதுகிறது. உ.வே.சா. அம்முறையைப் பின்பற்றினார் என்று கூற இயலாது. எனினும் பல சுவடிகளை ஒப்பிட்டதும், பிரதிபேதங்களைக் காட்டியதும், சுவடி அளித்தோரைக் குறித்ததும் தம் முடிவை வாசகர் மீண்டும் சோதிக்க இடமளித்த செயல்களாகும்.

இந்நெறி இணையத்துக்கும் பொருந்தும். ‘ா’ என்னும் துணைக்கால் வரவேண்டிய இடத்தில் ‘ர’ வருவதும், தமிழ் எண்ணாகிய ‘௭’ எழுத்தாகிய ‘எ’ எனப் பதிவதும் மின்பதிப்புகளில் நேரும் பிழைகள். அத்தகைய பிழை ஒரே அடியில், ஒரே சொல்லில் மூன்று தளங்களில் தோன்றினால், அவை தனித்தனியே தட்டச்சு செய்யப்பட்டவை என்று நம்புவது கடினம். ஆய்வாளர் அம்மூன்றையும் ஒரு சான்றாகவே கொள்ள வேண்டும். பிழையை ஒருவர் திருத்தி மறுபதிவு செய்தால் இத்தடயம் மறையும் என்பதும் உண்மையே. ஆகவே தடயம் இல்லாமை தனித்தன்மைக்குச் சான்றாகாது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் போன்றவற்றில் கிடைக்கும் பக்கப் படிமங்களோடு பாடத்தை ஒப்பிடுவது அப்போது இன்றியமையாததாகிறது.

ஆய்வேடு சான்றாகும் நிலை

இதில் ஆய்வாளர் ஒருவரின் தவறு மட்டும் அடங்கவில்லை. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் சோத்கங்கா களஞ்சியத்தில் பதிவேறுகின்றன. பெயரற்ற பக்கத்திலிருந்து எடுத்த தவறான பாடம் ஆய்வேட்டில் நுழைந்தால், அடுத்த ஆய்வாளருக்கு அது இணையப் பக்கமாகத் தெரியாது. பட்டம் பெற்ற ஆய்வின் முடிவாகத் தெரியும். பின்னர் அந்தப் பக்கமே ஆய்வேட்டை ஆதாரமாகக் காட்டலாம். பிழை ஒரு சுற்றுச் சுற்றி வந்து மதிப்புப் பெறுகிறது. இச்சுற்றை நெறியாளரும் தேர்வாளரும் உடைக்காவிடில் வேறு எவரும் உடைக்கப்போவதில்லை.

முடிவுரை

சரிபார்ப்புப் பட்டியல் ஐயம்கொள்ளக் கற்பிக்கிறது. பக்கவாட்டு வாசிப்பு, தளத்தைவிட்டு வெளியேறிப் பிறர் கூற்றை நாடக் கற்பிக்கிறது. அப்பிறர் உண்மையிலேயே பிறர்தாமா என்று கேட்கக் கற்பிப்பது சுவடி ஒப்பீடு. தளத்தை நடத்துவோர் யார், பாடம் எப்பதிப்பிலிருந்து வந்தது, உறுதிசெய்யும் பிற பக்கங்கள் அதன் படிகளா என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கிடைக்காத பாடத்தை மேற்கோளாக ஏற்பது தகாது. துணைநூற்பட்டியலில் இணைய முகவரியோடு மூலப்பதிப்பின் பெயரையும் ஆண்டையும் குறிக்கவேண்டும் என்று ஆய்வுத்துறைகள் விதிப்பின், இப்பயிற்சி தனிப்பாடமின்றியே தொடங்கிவிடும். மூலப்பதிப்பைக் குறிக்க இயலாதபோது, அந்த வெற்றிடமே ஆய்வாளருக்கு முதல் எச்சரிக்கையாக அமையும்.