மணி ஏன் அடிக்கவில்லை?

பெரம்பலூர் மாவட்டத்து லப்பைக்குடிக்காட்டிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்றோர் பலர். அரியலூர்ப் பக்கத்திலும் அயல்நாட்டு அழைப்புக்குக் காத்திருக்கும் வீடுகள் உண்டு. இணையத் தொலைபேசியில் நாம் அழைத்தால் பேச முடிகிறது. அங்கிருந்து அழைத்தால் சில வேளைகளில் இங்கே மணி அடிப்பதில்லை. ‘சிக்னல் இல்லை’ என்று சொல்லிவிடுகிறோம். குற்றம் வேறிடத்திலும் இருக்கலாம், வாசகர்களே!

வீட்டு ரூட்டருக்கு வெளியுலகில் ஒரே முகவரி; வீட்டினுள் கருவிகளோ பல. எந்தக் கருவி எந்த வாயில் வழியே பேசுகிறது என்று ரூட்டர் ஒரு பட்டியலில் குறித்துக்கொள்கிறது. 1994-இல் தற்காலிக ஏற்பாடாக முன்மொழியப்பட்ட இம்முறைக்கு ‘நேட்’ என்று பெயர். (தற்காலிக ஏற்பாடுகளின் ஆயுள் நாம் அறிந்ததே!) முகவரிப் பஞ்சத்தால் இணைய நிறுவனங்களும் நடுவில் இன்னொரு நேட்டை வைப்பதுண்டு. சிறிது நேரம் பேச்சில்லையெனில் குறிப்பு அழிக்கப்படும். பிறகு வரும் அழைப்பு யாருக்கென்று பெட்டிக்குத் தெரியாது, கைவிட்டுவிடும்.

இதற்குப் பரிகாரமாக, தொலைபேசியே அடிக்கடி ஒரு சிறு பொட்டலம் அனுப்பிப் பெட்டிக்கு நினைவூட்டுகிறது. எஸ்.ஐ.பி. தொலைபேசிகளுக்கான 2009-ஆம் ஆண்டு விதி, யு.டி.பி. வழியில் 24 முதல் 29 நொடிக்கு ஒருமுறை என்கிறது. 25 நொடி எனக் கொண்டால் நாளொன்றுக்கு 3,456 முறை! பொட்டலம் நூறு பைட்டைக்கூட எட்டாது. ஆனால் அதற்காகக் கைப்பேசியின் ரேடியோ உறக்கம் கலைந்து எழ வேண்டும். மீண்டும் உறங்கச் சில நொடிகள் ஆகும். பாட்டரி கரைவது இந்த விழிப்பினால்தான்.

மறப்பது பெட்டி, தண்டனை தொலைபேசிக்கு! யு.டி.பி. குறிப்பை 2 நிமிடத்திற்குள் அழிக்கலாகாது, 5 நிமிடமாவது வைப்பது நன்று என்று 2007-இலேயே இணைய விதி கூறிவிட்டது. ஆயினும் பல ரூட்டர்களுக்கு உயிரான லினக்ஸில், பதில் வராத போக்குக்கு இயல்பான கெடு 30 நொடியே. அக்கெடுவைப் பெட்டி வெளியே சொல்வதுமில்லை. ஆகவே மிக மோசமான பெட்டியை எண்ணியே எல்லாத் தொலைபேசிகளும் தட்டிக்கொண்டிருக்கின்றன. கெடுவைக் கேட்டுப் பெறவும் 2013-இல் பி.சி.பி. என்னும் முறை வகுக்கப்பட்டது. ரூட்டர் வாங்கும்போது அது உண்டா என்று கேட்பார் யார்?

ஆண்ட்ராய்டும் ஐபோனும் பல செயலிகளுக்குப் பொதுவாக ஒரே டி.சி.பி. இணைப்பைக் காத்துவருவது புத்திசாலித்தனம், டி.சி.பி. குறிப்புக்கு விதி தரும் குறைந்த ஆயுள் 2 மணி 4 நிமிடம். ஐ.பி.வி.6 வந்தால் தொல்லை தீரும் என்பதோ பாதி உண்மையே. முகவரி மாற்றம் போனாலும், காவல் நிற்கும் ஃபயர்வாலும் இத்தகைய பட்டியலைப் பார்த்துத்தான் வெளியாரை உள்ளே விடுகிறது.

உங்கள் ரூட்டரில் யு.டி.பி. கெடுவை மாற்ற இடமிருந்தால் 300 நொடியாக்கிப் பாருங்கள். நிறுவனத்தின் நேட்டில் நாம் கைவைக்க முடியாது. அங்கே எத்தனை நொடி என்று கேட்டு ஒரு கடிதம் எழுதலாம்.