பதினெட்டாயிரம் ரூபாய் வயர், எண்பது ரூபாய் அடாப்டர்

நண்பர் ஒருவர் தன் ஆம்பிளிஃபயருக்குப் புதிதாக பவர் கார்டு வாங்கியிருந்தார். விலை பதினெட்டாயிரம். கட்டைவிரல் தடிமன், பாம்புத்தோல் போலப் பின்னல் உறை, தங்க முலாம் பூசிய முனை. ஒரே ஒரு சிக்கல்: அதன் பிளக்கில் இருந்தது அமெரிக்கத் தட்டைப் பின், நம் சுவரில் இருப்பதோ உருண்டைப் பின்னுக்கான துளை. தெருமுனை எலக்ட்ரிகல் கடையில் எண்பது ரூபாய்க்கு ஓர் அடாப்டர் வாங்கி நடுவில் செருகியிருந்தார். வயரின் கனம் தாங்காமல் அது தலை குனிந்து தொங்கியது. கை பட்டால் உள்ளே ‘சர்ர்’ என்று பொறி பறக்கும் சத்தம். “பாட்டு எவ்வளவு தெளிவாயிடுச்சு பாத்தீங்களா சார்?” என்றார். நான் அடாப்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடலாம். பொறியியல் படித்தவர்கள் பலர் அப்படித்தான் தள்ளுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மின்சாரம் சரியில்லாத வீட்டில் ஒலிக்கருவி சரியாகப் பாடாது என்பது உண்மைதான். கோளாறு எங்கே இருக்கிறது என்று தேடும் இடத்தில்தான் இவர்கள் தவறுகிறார்கள்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். ஆம்பிளிஃபயரோடு இலவசமாக வரும் 2 மீட்டர் வயரில் பெரும்பாலும் 0.75 சதுர மில்லிமீட்டர் செம்பு இருக்கும். போகவும் வரவும் சேர்த்து அதன் மின்தடை சுமார் 0.1 ஓம். 200 வாட் இழுக்கும் ஆம்பிளிஃபயருக்கு ஓடுவது ஓர் ஆம்பியருக்கும் குறைவு. ஆக, அந்த வயரில் தொலைவது 0.1 வோல்ட்டுக்குள். அதே மின்சாரம் மெயின் போர்டிலிருந்து ஹாலுக்கு வர, எலக்ட்ரீஷியன்கள் ‘ஒன்றரை ஸ்கொயர்’ என்று சொல்லும் கம்பியில் சுவருக்குள் 20 மீட்டர் ஓடுகிறது. அதன் தடை ஏறக்குறைய 0.5 ஓம். அதைத் தொடாமல் கடைசி 2 மீட்டரை மட்டும் தடிமனாக்குவது, ஒற்றையடிப் பாதையின் முடிவில் வாசல் முன்னால் மட்டும் நாலுவழிச் சாலை போடுவது மாதிரி.

இதற்கு வயர் ஆதரவாளர்களிடம் ஒரு பதில் உண்டு. அது வெறும் வாய்ப்பேச்சு அல்ல. வழக்கமான டிரான்ஸ்பார்மர் ஆம்பிளிஃபயர் மின்சாரத்தைச் சீராக உறிஞ்சுவதில்லை. வோல்டேஜ் அலை உச்சிக்கு வரும் நொடித்துளியில் மட்டும், விநாடிக்கு 100 முறை, கப்பென்று இழுத்து உள்ளே உள்ள கெபாசிட்டர்களை நிரப்பிக்கொள்கிறது. அந்த இழுப்பு சராசரியைப் போலப் பல மடங்கு இருக்கும். சரி, ஐந்து மடங்கு என்றே வைத்துக்கொள்வோம். வயரில் இழப்பு அரை வோல்ட் ஆகும். உச்சி வோல்டேஜோ 325. தவிர, ஸ்பீக்கருக்குப் போவது அந்தக் கெபாசிட்டர்களில் சேர்ந்த மின்சாரம். மாடித் தொட்டி நிறைந்திருந்தால் குளிக்கிறவருக்கு மோட்டார் குழாயின் அகலம் தெரியுமா?

காது என்ன சொல்கிறது? 2004-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒலி ஆர்வலர்களையே உட்காரவைத்து ஒரு சோதனை நடந்தது. ஒரு பக்கம் சாதாரண வயர், மறுபக்கம் 2,500 டாலர் நார்டோஸ்ட் வல்ஹாலா. எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்டு அடையாளம் சொல்ல வேண்டும். 149 விடைகளில் சரியானவை 73. காசைச் சுண்டிவிட்டுச் சொல்லியிருந்தாலும் அதே அளவுதான் வந்திருக்கும். பழக்கமில்லாத அறை, தேர்வு எழுதுகிற பதற்றம் என்று இதற்கு மறுப்பு சொல்கிறார்கள். அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. நுண்ணிய வேறுபாட்டைப் பதற்றம் விழுங்கிவிடலாம். ஆனால் விற்பவர்கள் நுண்ணிய வேறுபாடு என்றா சொல்கிறார்கள்? மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் என்கிறார்கள். மலையைப் பதற்றம் மறைக்காது.

ஜப்பானில் இன்னும் ஒரு படி மேலே போய், தன் வீட்டுக்கென்று தனி மின்கம்பமும் டிரான்ஸ்பார்மரும் நட்டுக்கொள்ளும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் பதினெட்டாயிரம் ரூபாய் வயரைவிட இதில் தர்க்கம் அதிகம். அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ட். அதே வாட்டுக்கு நம்மைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான ஆம்பியர் ஓடியாக வேண்டும். ஒரே டிரான்ஸ்பார்மரில் தொங்கும் பக்கத்து வீடுகளின் ஏ.சி.யும் மைக்ரோவேவும் கிளப்பும் குப்பை தன் வீட்டுக்குள் வரக்கூடாது என்பது அவர்கள் எண்ணம். செலவு அதிகம்தான், கை வைத்த இடம் சரி.

நம் ஊருக்கு வருவோம். சென்னையில் என் வீட்டு மீட்டர் மே மாத இரவு ஒன்பது மணிக்கு 208 காட்டும், விடியற்காலையில் 241. முப்பது வோல்ட் ஊஞ்சலாடும் இடத்தில் அரை வோல்ட்டுக்கு விரதம் இருந்து என்ன பயன்? கரண்ட் போனால் மலிவு விலைச் சதுர அலை இன்வெர்ட்டர் வேலைக்கு வரும். அதன் 230 வோல்ட்டுக்கு 325 என்ற உச்சி கிடையாது. கெபாசிட்டர்கள் முக்கால் தொட்டியோடு நிற்கும், டிரான்ஸ்பார்மர் வண்டு போல் முனகும். சைன் அலை இன்வெர்ட்டருக்கு மாற்றினால் வரும் வித்தியாசத்தை வீட்டுக் குழந்தைகூடச் சொல்லிவிடும். அதே போர்டில் மின்விசிறிக்குத் திருகும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் இருந்தால், பாதி வேகத்தில் வைக்கும்போது ஸ்பீக்கரில் ஒரு ‘ஸ்ஸ்ர்’ ஏறும். கெபாசிட்டர் வகை ரெகுலேட்டர் சில நூறு ரூபாய்தான். மாட்டினால் அது நின்றுவிடும்.

என் சொந்த அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆண்டு என் வீட்டு ஸ்பீக்கரில் ஒரு ‘ம்ம்ம்’ இருந்தது. 50 ஹெர்ட்ஸ் என்பது ஐந்து கட்டைக்குச் சற்று மேலே நிற்கும் சுருதி. ஐந்து கட்டையில் பாடும் பாடகியின் ஆலாபனைக்கு அடியில், ஒட்டாத சுருதியில் இன்னொரு தம்புரா ஓயாமல் மீட்டினால் எப்படி இருக்கும்? வயர் மாற்றினேன். ஒரு கடைக்காரர் பேச்சைக் கேட்டு ‘லைன் ஃபில்டர்’ பெட்டி வாங்கினேன். ‘ம்ம்ம்’ அசையவில்லை. ஓர் இரவு டிவியை நகர்த்தும்போது கேபிள் டிவி ஒயர் பின்னாலிருந்து கழன்றது. சட்டென்று நிசப்தம். தெருக் கம்பத்திலிருந்து வந்த அந்த ஒயரின் உறை ஒரு எர்த். ஆம்பிளிஃபயரின் மூன்றாவது பின் வேறொரு எர்த். இரண்டுக்கும் நடுவே ஓடிய சின்ன மின்சாரம்தான் என் தம்புரா. கேபிள் ஒயரில் சின்ன ஐசொலேட்டர் ஒன்றை மாட்டியதோடு தீர்ந்தது.

அப்படியானால் வயரை மாற்றவே கூடாதா? மாற்றலாம். பழைய வயரின் முனை ஆம்பிளிஃபயருக்குப் பின்னால் தளர்ந்து ஆடுகிறதா, பிளக் சுடுகிறதா, உடனே மாற்றுங்கள். இறுக்கமாக உட்காரும் ஐ.எஸ்.ஐ. முத்திரை வயர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆயிரங்களைச் செலவழிக்க மனம் துடித்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மெயின் போர்டிலிருந்து தனி எம்.சி.பி. வழியாக இரண்டரை ஸ்கொயர் கம்பி இழுத்து, நல்ல 16 ஆம்பியர் பாயிண்ட் ஒன்று வைக்கச் சொல்லுங்கள். வந்தவர் கையோடு போர்டில் தளர்ந்திருக்கும் நியூட்ரல் திருகுகளையும் முடுக்கட்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பார்க்கட்டும். ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நியூட்ரலிலோ எர்த் குழியிலோ வேலை இருக்கிறது. பதினெட்டாயிரத்தில் பாதிகூட ஆகாது. வீட்டுக்கு வருகிறவரிடம் காட்டிப் பெருமைப்பட இதில் ஒன்றுமில்லை என்பதுதான் இதன் குறை.

இந்த மோகத்தில் நான் மன்னிக்காத பகுதி ஒன்று உண்டு. இரைச்சல் போக எர்த் பின்னை உடைத்துவிடு, மூன்று பின்னை இரண்டாக்கும் அடாப்டர் போடு என்று அனுபவசாலிகளே சொல்லிக்கொடுக்கிறார்கள். இரைச்சல் போவதும் உண்மை. ஆனால் உள்ளே என்றாவது ஒரு ஃபேஸ் கம்பி கழன்று பெட்டியில் பட்டால், ஆம்பிளிஃபயரின் உலோக உடம்பு முழுவதும் 230 வோல்ட் நிற்கும். வால்யூமைத் திருப்ப நீளும் கை வழியாகத்தான் அது பூமிக்குப் போகும். உங்கள் வீட்டில் அப்படிப் பின் உடைத்த பிளக் இருந்தால், இன்று பாட்டுப் போடுவதற்கு முன் அதை மாற்றிவிடுங்கள்.