துளி என்று எப்படித் தெரியும்?

சில வருடங்களுக்கு முன் நண்பர்கள் கூட்டம் ஒன்றில் செல்லைப் பற்றி அரைமணி நேரம் பேசினேன். சவ்வே இல்லாமல் செல்லுக்குள் அறைகள் உண்டாகின்றன, புரதங்களும் ஆர்.என்.ஏ.வும் குழம்பின்மேல் எண்ணெய் திரள்வதுபோலத் துளிகளாகத் திரண்டு பிறகு கரைகின்றன என்றெல்லாம். சுவரில்லாத வீடு என்று ஓர் உவமை வேறு. கைதட்டினார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டாள்: "அது துளின்னு எப்படிங்க தெரியும்?" "உருண்டையா இருக்கு, ஒண்ணோட ஒண்ணு சேருது" என்றேன். அந்தப் பதில் எனக்கே போதவில்லை.

நியாயமாகப் பார்த்தால், தொடக்கத்தில் இதைச் சொன்னவர்கள் என்னைப்போல அளக்கவில்லை. 1899லேயே எட்மண்ட் பீச்சர் வில்சன் செல்லின் உட்பொருள் ஒரு குழம்பிய திரவக் கலவை என்று எழுதியிருக்கிறார். 110 வருடம் கழித்து, 2009ல், பிராங்வின், ஹைமன், யூலிஷர் முதலானோர் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவின் கருவில் 'பி' துகள்களைப் பார்த்தார்கள். பார்த்ததோடு நிற்கவில்லை. திசுவை இரண்டு கண்ணாடிகளுக்கிடையே வைத்து நசுக்கினார்கள். துகள்கள் உட்கருவைச் சுற்றி வழிந்து சொட்டின. ஓர் உவமையை எடுத்து அதை நசுக்கிப் பார்ப்பது பெரிய விஷயம். நம்மூர் விமர்சகர்கள் உவமையைப் பாராட்டுவதோடு சரி.

சிக்கல் அதற்குப் பின் வந்தது. 'திரவம்' ஃபேஷன் ஆனது. ஒளிரும் புள்ளி ஒன்று கிடைத்தால் போதும், துளி என்று தலைப்பு வைக்கலாம். ஆனால் சாதாரண ஒளி நுண்ணோக்கியில் ஏறக்குறைய 250 நானோமீட்டருக்குக் கீழே உள்ள எதுவும் மங்கலான உருண்டையாகத்தான் தெரியும். சதுரமாக இருந்தாலும் அப்படித்தான். ஆக, "உருண்டையா இருக்கு" என்ற என் பதிலில் பாதி லென்ஸின் பதில்.

அடுத்த சான்று லேசர். ஒளிரும் புரதத்தின் ஒரு பகுதியை லேசரால் ஒளியிழக்கச் செய்து, அங்கே மீண்டும் வெளிச்சம் வரும் நேரத்தை அளப்பார்கள். வேகமாக வந்தால் உள்ளே மூலக்கூறுகள் ஓடுகின்றன, எனவே திரவம். இந்த 'எனவே'தான் எனக்கு உதைக்கிறது. ஓரிடத்தில் ஒட்டி, விட்டு, வேறொன்று வந்து ஒட்டினாலும் வெளிச்சம் திரும்பும். அதற்குத் திரவம் தேவையே இல்லை.

மூன்றாவது, 1,6-ஹெக்ஸேன்டையால். பலவீனமான பிணைப்புகளைக் கலைக்கும் ஓர் ஆல்கஹால். ஊற்றியதும் புள்ளி கரைந்தால் அது துளி. இதைப் படித்தபோது பழைய வேலையிடத்து இரவு ஒன்று ஞாபகம் வந்தது. சர்வர் திணறியது, ரீஸ்டார்ட் செய்தோம், சரியானது. மெமரி லீக் என்று அறிக்கை எழுதியவன் நான்தான். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால், மூடாத டேட்டாபேஸ் இணைப்புகள் தேங்கியிருந்தன. ரீஸ்டார்ட் எல்லாவற்றையும்தானே துடைக்கும்! ஹெக்ஸேன்டையாலும் அப்படித்தான். அது புரதங்களில் பாஸ்பேட்டைச் சேர்க்கும், நீக்கும் நொதிகளையே முடக்குகிறது என்று 2021ல் ஓர் ஆய்வு காட்டியது.

இதெல்லாம் வெறும் சந்தேகம் என்று தோன்றினால் பெர்க்லியில் டார்சாக் குழு 2019ல் வெளியிட்ட ஆய்வைச் சொல்ல வேண்டும். ஹெர்பிஸ் வைரஸ் தொற்றிய செல்லின் உட்கருவுக்குள் உருண்டைத் திட்டுகள் தோன்றும், ஒன்றோடொன்று சேரும், ஆர்.என்.ஏ. தயாரிக்கும் நொதியை உள்ளே இழுத்துக்கொள்ளும். பார்வைக்கு அசல் துளி. அவர்கள் நொதி மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தார்கள். வைரஸ் டி.என்.ஏ. பெரும்பாலும் மூடப்படாமல் கிடப்பதால் நொதி அதன்மேல் போகிற போக்கில் ஒட்டி ஒட்டிப் போகிறது. அவ்வளவுதான். வழக்கமான சோதனைகளை நம்பியிருந்தால் இன்னொரு துளி பட்டியலில் சேர்ந்திருக்கும்.

சொல் விளையாட்டுக்கு ஏன் இத்தனை ரகளை என்று கேட்கலாம். எஃப்.யு.எஸ். என்ற புரதத்தின் துளிகள் நாளாக ஆக இழைகளாக இறுகுகின்றன, ஏ.எல்.எஸ். நோயாளிகளிடம் காணப்படும் ஒரு மரபணு மாற்றம் அதை விரைவுபடுத்துகிறது என்று 2015ல் கண்டார்கள். சோதனைக்குழாயில் கண்டது நரம்பு செல்லுக்குள்ளும் அப்படியே நடக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் மருந்தை எங்கே தேடுவது என்பதும் இருக்கிறது. தவறான அறிக்கைக்கு எங்கள் சர்வர் மூன்று வாரம் பொறுத்தது. நோயாளியின் கணக்கு வேறு.

அந்தப் பெண்ணிடம் இன்று பேசினால் வேறொரு சோதனையைச் சொல்வேன். எண்ணெய்-தண்ணீர் போல எளிய பிரிதல் என்றால், புரதத்தைக் கூட்டக் கூட்டத் துளி பெருக்க வேண்டும், வெளியே உள்ள செறிவு மாறக்கூடாது. 2020ல் நியூக்ளியோலஸில் இதை அளந்தபோது வெளிச் செறிவும் ஏறியது. பல பொருள்கள் கலந்த துளி அத்தனை எளிய கணக்குக்கு அடங்காது என்று அந்தக் கட்டுரை வாதிட்டது. வெளியிட்டது வேறு யாருமில்லை, பிராங்வினின் சொந்தக் குழுதான். நான் இன்னும் அந்த நண்பர்கள் குழுவுக்குத் திருத்தம் அனுப்பவில்லை.