நாட்டுப் படலம் இரண்டு

போடிநாயக்கனூரிலும் ஏலமலைச் சரிவிலும் பல சமயச் சிறாரும் ஒரே வகுப்பில் அமர்ந்து தமிழ் பயில்கின்றனர். அணித்தேயுள்ள உத்தமபாளையத்தில் 1956இல் தோன்றிய ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியிலும் அவ்வாறே. ஆயின், இலக்கிய வரலாற்று நூல்கள் பலவும் புலவரைச் சமயவாரியாகப் பிரித்தே நிறுத்துகின்றன. கம்பர் ஓரியலில், சீறாப்புராணம் 'இசுலாமியத் தமிழ்' என்னும் வேறோர் இயலில். இப்பகுப்பு நூலை உணரத் தடையாம் என்பது நம் துணிபு.

உமறுப்புலவர் எட்டயபுரத்துக் கடிகைமுத்துப் புலவரிடம் பாடங் கேட்டவர். அரபு நாட்டைப் பாடப் புகுந்தவர், நீர் பெருகி வயல் விளையும் மருதமாகவே அதனைக் காட்டுகின்றார். இதனைப் பிழையென்பார் உளராயின், அவர் புலவர் கற்ற இடத்தை மறந்தவராவர். இரவல் பெற்ற மரபை இத்துணை உரிமையோடு ஒருவர் ஆளார். சைவ ஆதீனப் புலவராகிய மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் (1815–1876) நாகூர்க் குலாம் காதிறு நாவலரும், கிறித்தவராகிய சவேரிநாத பிள்ளையும் பயின்றனர். அக்கல்வி எல்லார்க்கும் திறந்திருந்ததன்று. பெண்டிரும் ஒடுக்கப்பட்டோரும் பெரும்பாலும் புறத்தே நின்றனர். அவரையும் உள்ளழைத்தது பின்வந்த பொதுப்பள்ளியே.

ஆகலின், மலைச்சரிவினின்று இறங்கி வரும் மாணவர்க்குக் கம்பரின் நாட்டுப் படலத்தையும் உமறுவின் நாட்டுப் படலத்தையும் ஒரே பாடவேளையில் அடுத்தடுத்து வைத்துக் கற்பித்தல் வேண்டும்.