கழித்தபின் மிஞ்சும் வெளிச்சம்

இரவில் காவிரிப் பாலத்தில் ஸ்ரீரங்கத்தை நோக்கி நடக்கும்போது, எதிரே வரும் பஸ்ஸின் விளக்கு தெரியுமே தவிர பஸ் தெரியாது. விளக்கைக் கையால் மறைத்துக்கொண்டால் கூரையும் கண்ணாடியும் மெல்லத் தெரிய ஆரம்பிக்கும். குவாசார் குடியிருக்கும் விண்மீன் மண்டலத்தின் பொலிவை அளப்பவர்களின் வேலை இந்தக் கைமறைப்புதான்.

பெருங்கருந்துளையை நோக்கிச் சுழலும் வாயு சூடேறி வீசும் வெளிச்சமே குவாசார். நட்சத்திரம்போல் தெரிந்த 3சி 273 என்ற புள்ளி 200 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இருப்பதை 1963-ல் மார்ட்டன் ஷ்மிட் கண்டறிந்தார். அதன் இடம் நமக்கு அந்நியமில்லை. உத்திர நட்சத்திரத்திலிருந்து சித்திரை நட்சத்திரத்துக்கு ஒரு கோடு இழுத்தால் ஏறக்குறைய நடுவழியில் இருக்கிறது. சித்திரை மாத இரவில் திருச்சிக்காரர் தலைக்கு மேலேயே வரும். நல்ல இருட்டில், எட்டு அங்குலத் தொலைநோக்கியில் புள்ளியைப் பிடித்துவிடலாம். பெருமாளும் தாயாரும் சேர்த்தியில் இருக்கும் பங்குனி உத்திர இரவில் மட்டும் தேட வேண்டாம், முழுநிலா பக்கத்திலேயே நிற்கும்.

புள்ளி சரி, அதன் வீடு? அங்கேதான் கலை. நட்சத்திரம் வெறும் புள்ளியானாலும் காற்றின் அசைவாலும் ஆடியின் குணத்தாலும் படத்தில் பூவாக விரிகிறது. குவாசாரும் அப்படி விரிந்து தன் வீட்டை மூடிவிடும். அதனால் அதே இரவில் பக்கத்து நட்சத்திரம் ஒன்றைப் படமெடுத்து, அது விரிந்த விதத்தைக் குவாசாரின் அளவுக்குப் பெருக்கிக் கழிக்கிறார்கள். எவ்வளவு கழிப்பது? கூடினால் மண்டலத்தின் நடுவே பள்ளம் விழும். குறைந்தால் குவாசாரின் ஒளி வீட்டுக் கணக்கில் ஏறிவிடும். நடு பள்ளமாகும் தறுவாய்வரை கழித்துவிட்டு, 'குறைந்தது இவ்வளவு பொலிவு' என்று மட்டும் சொல்வது பழைய வழக்கம். அந்த அடக்கம் எனக்கு மிகப் பிடிக்கும். கழித்த படத்தின் நடுவில் ஒரு வடு எப்போதும் மிஞ்சும். வடுவே இல்லாத படத்தை நான் நம்புவதில்லை.

ஓரம் இன்னும் சிரமம். மண்டலத்தின் விளிம்பு, நிலவில்லாத வானத்தின் சொந்த வெளிச்சத்தைவிடவும் மங்கல். வானத்தின் அளவில் நூற்றில் ஒரு பங்கு பிசகினாலும் ஓரம் முழுதும் பொய்யாகிவிடும்.

தொலைவு கூடினால் விரிவடையும் பேரண்டமும் எதிராளியாகிறது. அந்த விரிவால் ஒளி சிவப்பை நோக்கி நகரும் அளவுக்குச் செம்பெயர்ச்சி என்று பேர். செம்பெயர்ச்சி 6.4 உள்ள மண்டலத்தின் பரப்புப் பொலிவு ஏறக்குறைய 3,000 மடங்கு மங்கிப்போகும். அப்படிப்பட்ட இரண்டு குவாசார்களை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியில் படமெடுத்து, ஷூஹெங் டிங் குழுவினர் 2023-ல் வெளியிட்டார்கள். பேரண்டம் பிறந்து 100 கோடி ஆண்டுகூட ஆகாத காலத்து வெளிச்சம் அது. குவாசாரைக் கழித்தபின் இரண்டிலும் மிஞ்சியது கச்சிதமான, தட்டையான ஒரு மங்கல். அந்த மங்கலின் பொலிவை வைத்து நட்சத்திரங்களின் எடையைக் கணக்கிட்டார்கள். ஒன்றில் சுமார் 13,000 கோடிச் சூரியன்கள், மற்றதில் 3,400 கோடி.